எதிரியோட பேசலாமா? தூது, தீவிரவாதம், சமாதானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமாதானப் பேச்சுவார்த்தைகள் பத்தி படிக்கிறதும் பேசுறதும் எனக்கு ரொம்ப வருஷப் பழக்கம். யார்கிட்ட பேசினாலும் அதே பத்து பன்னெண்டு சந்தேகம்தான் திரும்பத் திரும்ப வருது, சிலர் கோவமா கேக்குறாங்க, சிலர் நெஜமாவே குழம்பிப் போய் கேக்குறாங்க. அதெல்லாத்தையும் கேட்டவங்க வாயில வந்த மாதிரியே இங்க போட்டிருக்கேன். என் பக்கம் என்னன்னு முதல்லயே சொல்லிடுறேன். பேசுறது ஒண்ணு, அங்கீகரிக்கிறது ஒண்ணு, மன்னிக்கிறது ஒண்ணு. மூணையும் ஒரே மூட்டையா கட்டிட்டா எதையுமே சரியா யோசிக்க முடியாது.

தீவிரவாதிங்ககிட்ட பேசவே மாட்டோம்னுதான எல்லா அரசாங்கமும் சொல்லுது, நெஜமாவே யாரும் பேசுறதில்லையா?

பேசுறாங்க, காலங்காலமா பேசிட்டுத்தான் இருக்காங்க. 1993 நவம்பர் ஆரம்பத்துல பிரிட்டிஷ் பிரதமர் ஜான் மேஜர் பார்லிமென்ட்ல நின்னு, ஜெர்ரி ஆடம்ஸ் கூட உக்காந்து பேசுறதுன்னா எனக்கு வயித்தப் பெரட்டும்ங்கிற மாதிரி சொன்னார். ஆடம்ஸ்ங்கிறவர் வட அயர்லாந்துல பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரா ஆயுதம் எடுத்த ஐஆர்ஏவோட அரசியல் முகமா இருந்த ஷின் ஃபெய்ன் கட்சித் தலைவர். அந்த மாசம் முடியறதுக்குள்ள பேப்பர்ல வந்துருச்சு, அரசாங்கத்துக்கும் ஐஆர்ஏவுக்கும் ரகசியத் தொடர்பு ஏற்கனவே ஓடிட்டிருக்குன்னு. டெர்ரி நகரத்து வியாபாரி பிரெண்டன் டடி 1970கள்ல இருந்தே ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல சேதி கொண்டுபோய்க்கிட்டு இருந்தார்.

பேசினா உடனே நல்லது நடந்துரும்னும் நெனச்சுக்காதீங்க. 1972 ஜூலைல ஆடம்ஸை சிறையில இருந்து வெளிய விட்டு, மத்த ஐஆர்ஏ தலைவர்களோட லண்டனுக்கு கூட்டிட்டுப் போய், மந்திரி வில்லியம் ஒயிட்லா பேசினார். ஒண்ணும் நடக்கல. ரெண்டு வாரத்துல பெல்ஃபாஸ்ட்ல ஒரே மத்தியானம் சுமார் 20 குண்டு வெடிச்சு 9 பேர் செத்தாங்க.

தீவிரவாதம்னா என்னங்க? ஒருத்தனுக்கு தீவிரவாதி இன்னொருத்தனுக்கு போராளி, அவ்ளோதான?

இந்த வரிய ரொம்பப் பேர் சொல்லி கேட்டுட்டேன், எனக்கு இதுல உடன்பாடு இல்ல. எல்லா நாடும் ஒத்துக்கிட்ட ஒரு முழு வரையறை ஐநால இன்னும் வரலங்கிறது உண்மைதான், 1996ல அதுக்குன்னு ஒரு கமிட்டி போட்டு இன்னும் இழுத்துக்கிட்டிருக்கு. ஆனா 1999ல வந்த ஐநாவோட தீவிரவாத நிதித் தடை உடன்படிக்கைல தெளிவா ஒண்ணு இருக்கு: சண்டையில பங்கெடுக்காத ஆளுங்களை, ஜனங்களை மிரட்டுறதுக்காகவோ ஒரு அரசாங்கத்த பணிய வைக்கிறதுக்காகவோ கொல்றதும் படுகாயப்படுத்துறதும். லட்சியம் என்னங்கிறது அதுல வரல, யாரை குறி வெச்சாங்கங்கிறதுதான் வருது. அதனால ஒருத்தர் நியாயமான காரணத்துக்காக போராடிக்கிட்டே தீவிரவாதமும் பண்ண முடியும். காரணம் நியாயம்னு சொல்றதால பஸ்ஸுல குண்டு வெச்சது நியாயம் ஆகாது, பஸ்ஸுல குண்டு வெச்சாங்கங்கிறதால அந்த ஜனங்களோட குறையும் பொய் ஆகாது.

அப்ப அரசாங்கம் அப்பாவிங்கள கொன்னா அதுக்கு பேர் என்ன?

அதே அளவுகோல்தான் அங்கயும். 1966 மார்ச்ல மிசோ தேசிய முன்னணி கலகம் பண்ணப்போ இந்திய விமானப்படை ஐசால் ஊர் மேலயே தாக்குச்சு, சொந்த நாட்டு ஜனங்க இருக்குற ஊர். ஸ்பெயின்ல 1983ல இருந்து 1987 வரைக்கும், பாஸ்க் தனிநாட்டுக்காக ஆயுதம் எடுத்த ஈட்டா இயக்கத்துக்கு எதிரா ஜிஏஎல்னு ஒரு ரகசிய கொலைப்படை இயங்குச்சு, 27 பேரை கொன்னாங்க, அதுல ஈட்டாவோட சம்பந்தமே இல்லாதவங்களும் உண்டு. உள்துறை மந்திரியா இருந்த ஹோசே பாரியோனுவேவோ அந்த விவகாரத்துல ஒரு ஆள் கடத்தலுக்காக 1998ல தண்டனை வாங்கினார். பேச்சுவார்த்தை மேஜைல ஒரு பக்கம் மட்டும் சுத்தமான கையோட உக்காந்திருக்குங்கிற நெனப்பு பெரும்பாலும் தப்பு, இதை ஒத்துக்காத அரசாங்கம் எதிராளிகிட்ட உண்மையை கேக்கும்போது குரல் எடுபடாது.

பேசினாலே அவங்களை அங்கீகரிச்ச மாதிரி ஆயிடுமே?

ஆகாது. அங்கீகாரம்ங்கிறது தனியா ஒரு முடிவு, தனியா எழுதிக் கொடுக்குற விஷயம். இஸ்ரேல்ல 1986ல இருந்து பாலஸ்தீன விடுதலை இயக்கத்து ஆளுங்கள சந்திச்சாலே குற்றம்னு சட்டம் இருந்துச்சு, அமைதிக்காக அந்த இயக்கத் தலைவர் அரஃபாத்தை போய் பாத்த ஏபி நாதன்ங்கிறவர் அதுக்காக ஜெயிலுக்கே போனார். 1993 ஜனவரில அந்த சட்டத்த எடுத்தாங்க, அதே மாசம் நார்வேல ரகசியப் பேச்சு தொடங்குச்சு. ஆனா ரெண்டு பக்கமும் ஒருத்தர ஒருத்தர் அங்கீகரிக்கிற கடிதம் செப்டம்பர் 9ல தான் கைமாறுச்சு. நடுவுல எட்டு மாசம் அங்கீகாரம் இல்லாமலேயே பேசியிருக்காங்க. நாலு நாள் கழிச்சு வாஷிங்டன்ல இஸ்ரேல் பிரதமர் ராபின் அரஃபாத்தோட கை குலுக்குற வீடியோ கிடைச்சா பாருங்க, ராபினோட உடம்பே கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்த அவர் மறைக்கல, எனக்கு அது பிடிச்சிருக்கு.

இன்னொண்ணு, உறவே இல்லாதவங்ககிட்ட பேசத்தான் தூதுங்கிற ஏற்பாடே. 1979 நவம்பர்ல தெஹ்ரான்ல அமெரிக்க தூதரகத்த பிடிச்சு வெச்சாங்க, தூதரகத்த தொடக்கூடாதுங்கிற 1961 வியன்னா உடன்படிக்கைய அப்பட்டமா மீறின செயல். 52 பேர் 444 நாள் உள்ள இருந்தாங்க. அமெரிக்கா உறவை முறிச்சுக்குச்சு, ஆனா அல்ஜீரியா நடுவுல நின்னு இங்கிருந்து அங்க, அங்கிருந்து இங்கன்னு சேதி கொண்டுபோய்தான் 1981 ஜனவரில எல்லாரும் உசுரோட வெளிய வந்தாங்க. அதனால தூதரகத்த பிடிச்சது சரின்னு அமெரிக்கா ஏத்துக்கிச்சுன்னு யாரும் சொல்லல.

பணயக்கைதிங்களுக்காக கைதிங்கள விடுறதும் சமாதானம் பேசுறதும் ஒண்ணுதானா?

இல்லங்க, இது ரெண்டையும் பிரிச்சே ஆகணும். சமாதானப் பேச்சுல சண்டை எதுக்காக நடக்குதோ அந்தக் காரணத்தப் பத்தி பேசுறோம், முடிஞ்சா ரெண்டு பக்கமும் ஆயுதத்த விட்டு வேற வழிக்கு வருவாங்க. பணயக்கைதி பேரத்துல விலை மட்டும்தான் பேசப்படுது, பேரம் முடிஞ்சதும் எல்லாம் பழையபடி இருக்கும், சில நேரம் முன்னைவிட மோசமாவும் ஆகும். 1999 டிசம்பர்ல காத்மண்டுல இருந்து கிளம்பின இந்திய விமானத்த கடத்தி கந்தஹார் கொண்டுபோனாங்க, ஒரு பயணியக் கொன்னுட்டாங்க, கடைசியில 31ந்தேதி மூணு பேரை சிறையில இருந்து விட்டுத்தான் மத்தவங்கள மீட்டாங்க. அந்த மூணு பேர்ல ஒருத்தரான மசூத் அசார் அடுத்த வருஷமே ஜெய்ஷ்-இ-முகமது ஆரம்பிச்சார். 2011ல ஒரே ஒரு இஸ்ரேல் சிப்பாய்க்காக 1,027 கைதிங்கள விட்டாங்க, அதுல பின்னால ஹமாஸ் தலைவரான யாஹ்யா சின்வாரும் ஒருத்தர்.

இதெல்லாம் தெரிஞ்சும், விமானத்துக்குள்ள இருந்தவங்களோட வீட்டாளுங்க வாசல்ல நின்னு அழுததை நெனச்சா, அந்த முடிவை எடுத்தவங்கள என்னால திட்ட முடியல. கொடுத்த விலை பெருசு, அதை சுமந்தது பின்னால வந்த வேற யாரோ. ரெண்டும் உண்மை.

ஆயுதத்த கீழ போடு, அப்புறம் பேசலாம்னு சொல்றதுல என்ன தப்பு?

கேக்குறப்போ நியாயமாத்தான் தெரியும். ஆனா எதிர்ப்பக்கம் அதை சரணடையச் சொல்றதாத்தான் பாக்கும். 1994 ஆகஸ்ட்ல ஐஆர்ஏ போர்நிறுத்தம் அறிவிச்சுச்சு. 1995 மார்ச்ல பிரிட்டிஷ் அரசு, கொஞ்சமாவது ஆயுதத்த ஒப்படைச்சாதான் ஷின் ஃபெய்ன் பேச்சுக்கு வரலாம்னு நிபந்தனை போட்டுச்சு. அங்கயே நின்னு போச்சு. 1996 பிப்ரவரி 9ல லண்டன் டாக்லேண்ட்ஸ்ல பெரிய குண்டு, ரெண்டு பேர் செத்தாங்க, போர்நிறுத்தம் முடிஞ்சுது. குண்டு வெச்சதுக்கு முழுப் பொறுப்பு வெச்சவங்கதான், நிபந்தனை போட்டவங்க தலைல அதைக் கட்டக்கூடாது. ஆனா நிபந்தனை வேலை செய்யலங்கிறதும் நெஜம்.

கடைசியில வேலை செஞ்ச வழிதான் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவோட ஜார்ஜ் மிட்செல் தலைமையில இருந்த குழு சொன்னது: ஆயுதத்த முன்கூட்டியே கொடுக்கச் சொல்லாதீங்க, ஆனா உள்ள வர்ற எல்லாரும் ஜனநாயக வழி, அமைதி வழி மட்டும்தான்னு ஏத்துக்கிட்டு, ஆயுதம் முழுசா போகணும்ங்கிறதுக்கும் அதை தனி அமைப்பு சரிபார்க்கணும்ங்கிறதுக்கும் ஒத்துக்கணும். 1998 ஏப்ரல் 10ல வட அயர்லாந்துக்கான சமாதான ஒப்பந்தமான பெரிய வெள்ளி ஒப்பந்தம் ஆச்சு, ஐஆர்ஏ ஆயுதத்த மொத்தமா செயலிழக்க வெச்சது 2005 செப்டம்பர்ல. ஒப்பந்தத்துக்கும் அதுக்கும் நடுவுல ஏழு வருஷத்துக்கு மேல!

மண்டேலாவையும் சேத்து யோசிங்க. 1985ல தென்னாப்பிரிக்க அதிபர் போத்தா, வன்முறைய கைவிட்டா விடுதலைன்னு சொன்னார். மண்டேலா மறுத்தார், அவர் மக சின்ட்சி அந்த பதிலை சொவெட்டோ மைதானத்துல கூட்டத்துக்கு முன்னாடி படிச்சாங்க. சுதந்திரமா இருக்குற ஆள்தான் பேரம் பேச முடியும், கைதி ஒப்பந்தம் போட முடியாதுங்கிறதுதான் அதோட சாரம். அதுக்கப்புறம் கொஞ்ச நாள்லயே அதே அரசோட மந்திரி கோபி கூட்சியோட அவர் பேசத் தொடங்கிட்டார். நிபந்தனைய மறுத்தவர் பேச்சை மறுக்கல.

மக்களுக்குத் தெரியாம ரகசியமா பேசுறது ஏமாத்துறது இல்லையா?

கொஞ்சம் சிக்கலான கேள்வி. பேச்சு நடக்குதுங்கிறத ரகசியமா வெச்சிருக்கிறதை நான் ஏத்துக்கிறேன், ஏன்னா முதல் நாளே மைக் முன்னாடி பேசினா ரெண்டு பேரும் தங்களோட ஆளுங்களுக்காகத்தான் பேசுவாங்க, எதிர்ல இருக்குறவருக்காக பேச மாட்டாங்க. ஆனா முதல் பதில்ல சொன்ன மேஜர் மாதிரி நேருக்கு நேர் எதிர்மாறா சொல்றது வேற. "இதைப் பத்தி நான் எதுவும் சொல்ல மாட்டேன்"னு ஒரு தலைவர் சொல்லலாம், அதுக்கு இடம் இருக்கு. இல்லவே இல்லன்னு சொல்லிட்டு மாட்டிக்கிட்டா, அடுத்து உண்மையச் சொல்றப்போ யாரு நம்புவாங்க?

ரகசியம் எங்க முடியணும்ங்கிறது இன்னும் முக்கியம். வட அயர்லாந்துல பேச்சு மூடின கதவுக்குள்ள நடந்துச்சு, ஆனா முடிவு 1998 மே 22ல மக்கள்கிட்ட ஓட்டுக்கு வந்துச்சு, வடக்குல 71 சதவீதம் பேர் சரின்னாங்க. கொலம்பியாலயும் ஃபார்க்ங்கிற கெரில்லா இயக்கத்தோட போட்ட ஒப்பந்தத்த 2016 அக்டோபர்ல ஓட்டுக்கு விட்டாங்க, அங்க 50.2 சதவீதம் வேணாம்னு வந்துருச்சு. அரசாங்கம் திரும்பப் போய் திருத்தி நவம்பர்ல மறுபடி கையெழுத்து போட்டுச்சு, ஆனா திருத்தினத மறுபடி ஓட்டுக்கு விடாம பார்லிமென்ட்லயே முடிச்சுக்கிட்டாங்க. அந்த ஒரு குறை இன்னும் அங்க பேசப்படுது, பேசப்படுறதுல நியாயமும் இருக்கு.

கொலை பண்ணவனை கொண்டுபோய் மந்திரி நாற்காலில உக்கார வெக்கிறதா?

இந்தக் கேள்வில இருக்குற எரிச்சல் எனக்கும் புரியுது. ஆனாலும் மிசோரம் கதைய கொஞ்சம் நிதானமா கேளுங்க. 1959ல மூங்கில் பூத்து எலி பெருகி பஞ்சம் வந்துச்சு, அப்ப நிவாரணத்துக்காக லால்டெங்கா ஆரம்பிச்ச பஞ்ச நிவாரண அமைப்புதான் பின்னால மிசோ தேசிய முன்னணி ஆச்சு. 1966 மார்ச் 1ல தனிநாடு அறிவிச்சாங்க. மேல சொன்ன விமானத் தாக்குதல் அப்பத்தான் நடந்தது. இருபது வருஷச் சண்டைக்கு அப்புறம் 1986 ஜூன் 30ல ஒப்பந்தம்.

அப்ப மிசோரம் முதலமைச்சர் காங்கிரஸ்காரர் லால் தன்ஹாவ்லா, தேர்தல்ல ஜெயிச்சு வந்தவர். அவர் பதவிய விட்டு இறங்கி லால்டெங்காவுக்கு நாற்காலிய கொடுத்துட்டு தான் துணை முதல்வரா உக்காந்தார். நேத்து வரைக்கும் அரசாங்கத்தோட சண்டை போட்டவருக்குக் கீழ! எனக்கு இந்த விஷயத்துல கையெழுத்து போட்டவங்கள விட அந்த மனுஷன்தான் பெருசா தெரியுறார். அப்புறம் லால்டெங்கா தேர்தல்ல நின்னு ஜெயிச்சார், 1989ல தோத்தார், தன்ஹாவ்லா மறுபடி முதல்வர் ஆனார். யாரும் துப்பாக்கி எடுக்கல. நாற்காலி கொடுக்குறதுக்கு அர்த்தம் அதுதான், நாற்காலில உக்காந்தவனை ஓட்டு போட்டு இறக்கவும் முடியும்.

போர்ல ஜெயிச்சு ஒரேயடியா முடிச்சுட்டா பேச்சே தேவையில்லையே? இலங்கைல அப்படித்தான முடிஞ்சது?

இதுக்கு பதில் சொல்றப்போ எனக்கு கை கொஞ்சம் நடுங்கும், ஏன்னா இதப் படிக்கிற சிலர் அந்த நாட்கள்ல வீட்டாளுங்கள இழந்தவங்களா இருப்பாங்க. 2002 பிப்ரவரி 22ல நார்வே ஏற்பாட்டுல போர்நிறுத்த ஒப்பந்தம், அதுக்கப்புறம் ஆறு சுற்றுப் பேச்சு. 2003 ஏப்ரல்ல வாஷிங்டன்ல உதவி நாடுகளோட ஒரு கூட்டம் வெச்சாங்க, புலிகள் அமெரிக்காவுல தடை செய்யப்பட்ட இயக்கம்ங்கிறதால அவங்களால அதுல கலந்துக்க முடியல, அந்த மாசமே பேச்சுல இருந்து விலகிட்டாங்க. 2006 மேல ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டுச்சு, உடனே புலிகள் டென்மார்க், சுவீடன், பின்லாந்துல இருந்து வந்த கண்காணிப்பாளர்கள் வெளியேறணும்னாங்க. தடை போட்டதுக்கு காரணம் இல்லாம இல்ல, போர்நிறுத்த காலத்துலயும் கொலைகள் நடந்துச்சு, பிள்ளைங்கள படையில சேத்தாங்க. ஆனா கண்காணிக்க ஆள் கொறைஞ்சு போனதுல நஷ்டம் யாருக்குன்னு பாருங்க, ஊர்ல இருந்த ஜனங்களுக்கு. 1990ல வடக்குல இருந்து புலிகள் துரத்தின முஸ்லிம் ஜனங்களுக்கு அந்த மேஜைல தனி இடமே இல்லங்கிறதையும் சொல்லணும்.

2009 மேல போர் முடிஞ்சது. கடைசிக் கட்டத்துல 40,000 வரைக்கும் பொதுமக்கள் இறந்திருக்கலாம்னு ஐநா நிபுணர் குழு 2011ல சொல்லுச்சு. துப்பாக்கிச் சத்தம் நின்னது உண்மை, அதுல நிம்மதி அடைஞ்சவங்க எல்லா சமூகத்துலயும் இருந்தாங்க. ஆனா காணாமப்போன பிள்ளைங்களோட போட்டோவ மடியில வெச்சுக்கிட்டு கிளிநொச்சியில அம்மாமார் 2017 பிப்ரவரியில ரோட்டோரம் பந்தல் போட்டு உக்காந்தாங்க, வருஷக்கணக்கா தொடர்ந்தாங்க. ஜெயிச்சவங்க பேச வேண்டிய பேச்சு அங்க இன்னும் பாக்கி இருக்கு.

எதிரி பொய் சொல்றான்னு தெரிஞ்சே எப்படி நம்பி கையெழுத்து போடுறது?

நம்ப வேண்டாம், சரிபாருங்க. நல்ல ஒப்பந்தம்னா நம்பிக்கை இல்லாதவங்களுக்காக எழுதினதாத்தான் இருக்கும். இந்தோனேசியாவுல ஆச்சே மாகாணத்துல சுமார் 30 வருஷச் சண்டை, 2004 சுனாமிக்கு அப்புறம் பின்லாந்தோட மார்ட்டி அஹ்திசாரி நடுவுல நின்னு 2005 ஆகஸ்ட் 15ல ஹெல்சின்கில ஒப்பந்தம் ஆச்சு. அதுல எண்ணிக்கையே எழுதிட்டாங்க, போராளிகள் 840 ஆயுதம் ஒப்படைக்கணும், அதுக்கேத்த மாதிரி அரசு படையை வெளிய எடுக்கணும், ரெண்டும் கட்டம் கட்டமா, ஐரோப்பாவுல இருந்தும் தென்கிழக்கு ஆசியாவுல இருந்தும் வந்த கண்காணிப்பாளர்கள் முன்னாடி. டிசம்பர்லயே முடிஞ்சிருச்சு. இவன் ஒரு படி இறங்கினா அவன் ஒரு படி இறங்கணும், அவ்வளவுதான் கணக்கு.

ஒப்பந்தம் போட்டதும் உடனே குண்டு வெடிக்குதே, அப்ப பேச்சு தோத்துருச்சுன்னுதான அர்த்தம்?

பெரும்பாலும் பேச்சு ஜெயிச்சுருமோங்கிற பயத்துலதான் அந்த குண்டே வெடிக்குது. 1994 பிப்ரவரில ஹெப்ரோன் மசூதில தொழுதுட்டிருந்த 29 பேரை ஒரு யூத தீவிரவாதி சுட்டான், ஏப்ரல்ல ஹமாஸோட பஸ் குண்டுகள் தொடங்குச்சு, 1995 நவம்பர் 4ல ராபினை கொன்னது ஒரு இஸ்ரேல்காரன். ரெண்டு பக்கத்துலயும் சமாதானம் பிடிக்காதவங்க ஒருத்தருக்கொருத்தர் உதவி பண்ணிக்கிட்ட மாதிரி ஆச்சு, அங்க அவங்க நெனச்சதுல நெறைய நடந்தும் போச்சு.

வட அயர்லாந்துல ஓமாங்கிற ஊர்ல வேற மாதிரி ஆச்சு. 1998 ஆகஸ்ட் 15, ஓட்டெடுப்பு முடிஞ்சு மூணு மாசம்கூட ஆகல, ரியல் ஐஆர்ஏன்னு பிரிஞ்சு போன கூட்டம் கடைத்தெருவுல வெச்ச குண்டுல 29 பேர் செத்தாங்க. ஆடம்ஸ் அந்த குண்டை வெளிப்படையா கண்டிச்சார், முன்னாடியெல்லாம் அவர் அப்படி பேசினதில்ல. ஒப்பந்தம் நின்னுச்சு. யாரோ வெளியில இருக்குறவன் குண்டு வெச்சா உள்ள இருக்குறவங்க என்ன பண்றாங்கங்கிறதுதான் கேள்வி, உள்ள இருக்குறவங்களே பண்ணியிருந்தா அது வேற கணக்கு, அப்ப மேஜைய விட்டு எழுந்திரிக்கிறது தப்பே இல்ல.

மியூனிக்ல ஹிட்லர்கிட்ட பேசித்தான நாசமாச்சு? யார்கூட பேசவே கூடாதுன்னு ஒரு கோடு இல்லையா?

1938 செப்டம்பர்ல மியூனிக்ல நடந்த தப்பு ஹிட்லர் எதிர்ல உக்காந்தது இல்லன்னுதான் நான் நெனைக்கிறேன். செக்கோஸ்லோவாக்கியாவோட நிலத்த அந்த நாட்டுக்காரங்க இல்லாமலேயே பிரிட்டனும் பிரான்சும் தூக்கிக் கொடுத்தாங்க பாருங்க, அதுதான் தப்பு. தனக்கு சொந்தமில்லாதத கொடுத்து தனக்கு நிம்மதி வாங்கிக்கிட்டாங்க, அந்த நிம்மதியும் ஒரு வருஷம் நிக்கல.

2020 பிப்ரவரி 29ல தோஹாவுல அமெரிக்காவும் தலிபானும் போட்ட ஒப்பந்தத்த பாருங்க. ஆப்கான் அரசாங்கம் அந்த ஒப்பந்தத்துல ஒரு தரப்பே இல்ல, ஆனா அந்த அரசு 5,000 வரைக்கும் தலிபான் கைதிகள விடும்னு அதுல எழுதியிருந்துச்சு. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 15ல காபூல் போச்சு. ஆறாம் வகுப்புக்கு மேல படிக்கிற பொண்ணுங்க பள்ளிக்கூடம் போக முடியாம ஆச்சு, அவங்களுக்காக அந்த மேஜைல யாரும் பேசல. என்னோட கோடு இதுதான்: யார்கூட வேணா பேசுங்க, ஆனா அறையில இல்லாதவங்களோட பொருளைக் கொடுக்காதீங்க. எதிராளிக்கு நம்மளோட இருப்பே ஆகாது, எத்தனை கொடுத்தாலும் அடங்க மாட்டான்னு செயல்ல தெரிஞ்சா, பேச்சு வழி திறந்திருந்தாலும் காவலைக் குறைக்கக்கூடாது.

நடுவுல நின்னு சமாதானம் பண்ணி வெக்கிறவங்களை சட்டம் பிடிக்குமாமே, உண்மையா?

அமெரிக்காவுல அந்த ஆபத்து இருக்கு. ஒரு மனித உரிமை அமைப்பு, துருக்கியோட சண்டை போட்ட குர்திஷ் இயக்கமான பிகேகேவுக்கும் புலிகளுக்கும் சர்வதேச சட்டத்த பயன்படுத்தி அமைதியா தகராறு தீக்குறது எப்படின்னு சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டுச்சு. 2010ல உச்ச நீதிமன்றம் 6க்கு 3ன்னு தீர்ப்பு சொல்லுச்சு, தடை செஞ்ச இயக்கத்துக்கு அந்தப் பயிற்சி கொடுக்குறதுகூட குற்றமா பாக்கலாம்னு. அந்த உதவியால இயக்கத்துக்கு மரியாதை கூடும், மிச்சமாகுற வளத்த ஆயுதத்துக்கு திருப்பிடுவாங்கன்னு வாதம். வாதம் புரியுது, ஆனா துப்பாக்கிய விட்டு வெளிய வர்ற ஒரே கதவையும் சட்டத்தால பூட்டிட்டா அவன் எப்படி வெளிய வருவான்? டடி மாதிரி ஒரு வியாபாரி இந்த சட்டத்துக்குக் கீழ என்ன ஆகியிருப்பார்னு யோசிச்சுப் பாருங்க.

எல்லாரையும் மன்னிச்சு விட்டுட்டா செத்தவங்களுக்கு என்ன நியாயம்?

எல்லாரையும் மொத்தமா விடுறத நானும் ஏத்துக்கல. சியரா லியோன்ல 1999 ஜூலைல லோமே ஒப்பந்தம் அப்படித்தான் போட்டாங்க, ஜனங்களோட கைய வெட்டின கூட்டத்தோட தலைவர் ஃபோடே சங்கோவுக்கு பொது மன்னிப்பும் கொடுத்து, கனிம வளங்கள பாத்துக்குற பதவியும் கொடுத்தாங்க. கையெழுத்து போட வந்த ஐநா பிரதிநிதி, இனப்படுகொலைக்கும் மனித குலத்துக்கு எதிரான குற்றத்துக்கும் போர்க்குற்றத்துக்கும் இந்த மன்னிப்ப ஐநா ஏத்துக்காதுன்னு சொல்லிட்டார். அடுத்த வருஷம் மே மாசம் அதே கூட்டம் ஐநா அமைதிப்படை ஆளுங்க சுமார் 500 பேரை பிடிச்சு வெச்சுச்சு.

தென்னாப்பிரிக்கா வேற வழி பாத்துச்சு. டெஸ்மண்ட் டூட்டு தலைமையில உண்மை ஆணையம், பண்ணத முழுசா ஒத்துக்கிட்டா, அது அரசியல் நோக்கத்தோட பண்ணதா இருந்தா, மன்னிப்பு. 7,112 பேர் கேட்டாங்க, 849 பேருக்குத்தான் கிடைச்சது. போலீஸ் காவல்ல செத்த கறுப்பின உரிமைப் போராளி ஸ்டீவ் பீகோவோட குடும்பம் இந்த ஏற்பாடே தப்புன்னு கோர்ட்டுக்குப் போச்சு, தோத்தாங்க. ஆனா பீகோவோட சாவுக்கு காரணமான போலீஸ்காரங்க கேட்ட மன்னிப்ப ஆணையம் மறுத்துருச்சு. கொலம்பியாவுல உண்மைய ஒத்துக்கிட்டவங்களுக்கு சிறைக்கு பதிலா 5ல இருந்து 8 வருஷக் கட்டுப்பாடு, மறைச்சு மாட்டினா 20 வருஷம் வரைக்கும் சிறை. இது முழு நியாயம் இல்ல. உண்மைய வாங்கிட்டு தண்டனைய கொறைக்கிற பேரம்தான், ஆனா எங்க புதைச்சாங்கன்னு தெரியாம இருக்குற ஒரு தாய்க்கு அந்த உண்மை சின்ன விஷயம் இல்ல.

தூரத்துல உக்காந்துக்கிட்டு சமாதானம் சமாதானம்னு பேசுறது சுலபம், பாதிக்கப்பட்டவங்க ஒத்துக்குவாங்களா?

ஆச்சரியமா, தூரத்துல இருக்குறவங்கதான் அதிகமா ஒத்துக்கிறதில்ல. கொலம்பியாவுல பொஹாயான்னு ஆத்தங்கரை ஊர். 2002 மே 2ல துணைப்படைன்னு சொல்ற தனி ஆயுதக் கும்பலுக்கும் ஃபார்க்குக்கும் நடுவுல சண்டை, ஜனங்க பயந்து சர்ச்சுக்குள்ள ஒதுங்கியிருந்தாங்க, ஃபார்க் வீசின கேஸ் சிலிண்டர் குண்டு கூரைய பிச்சுக்கிட்டு உள்ள விழுந்துச்சு, சுமார் 80 பேர், அதுல நெறைய குழந்தைங்க. அந்த ஊருக்கு 2015 டிசம்பர்ல ஃபார்க் தலைவர்கள் போய் மன்னிப்பு கேட்டாங்க. மேல சொன்ன 2016 ஓட்டெடுப்புல நாடு வேணாம்னுச்சு, பொஹாயா 96 சதவீதம் வேணும்னுச்சு. அடுத்த குண்டு யார் தலைல விழும்னு அவங்களுக்குத் தெரியும்ல.

என் வீட்டு ஆளைக் கொன்னவனை நான் மன்னிச்சே ஆகணுமா?

வேண்டாம். அத உங்ககிட்ட கேக்குற உரிமை எந்த அரசாங்கத்துக்கும் எந்த மத்தியஸ்தருக்கும் கிடையாது, எனக்கு சுத்தமா கிடையாது. அரசாங்கம் தண்டனைய கொறைக்கலாம், சிறைக் கதவைத் திறக்கலாம், மன்னிக்க மட்டும் அதால முடியாது, ஏன்னா அடி வாங்கினது அது இல்ல.

1984 அக்டோபர் 12ல பிரைட்டன் ஓட்டல்ல ஐஆர்ஏ குண்டு வெடிச்சு 5 பேர் செத்தாங்க. செத்த எம்பி ஆண்டனி பெர்ரியோட மக ஜோ பெர்ரி. குண்டு வெச்ச பேட்ரிக் மகீ பெரிய வெள்ளி ஒப்பந்தப்படி 1999ல வெளிய வந்தார், அடுத்த வருஷம் ஜோ அவரைத் தேடிப் போய் மணிக்கணக்கா பேசினாங்க, அப்புறம் ரெண்டு பேரும் சேந்து பல மேடையில பேசியிருக்காங்க. ஆனா மன்னிச்சுட்டேன்ங்கிற வார்த்தைய ஜோ பயன்படுத்துறதில்ல, அவரைப் புரிஞ்சுக்க முயற்சி பண்றேன்னுதான் சொல்லுவாங்க. அதே குண்டுல மந்திரி நார்மன் டெபிட்டோட மனைவிக்கு உடம்பு செயலிழந்து கடைசி வரைக்கும் சக்கர நாற்காலில இருந்தாங்க. டெபிட் மகீய மன்னிக்கவே இல்ல, வருத்தப்படாதவனுக்கு மன்னிப்பு கிடையாதுன்னு சாகுற வரைக்கும் சொன்னார். ஒப்பந்தம் அவங்க ரெண்டு பேரையும் மன்னிச்சே ஆகணும்னு கேக்கல, ஜோவோட பேச்சுக்கும் டெபிட்டோட கோவத்துக்கும் அதுக்குக் கீழ இடம் இருந்துச்சு.